டிராவல் பேஸ்பாலில் சேர்க்கலாமா? – கடிதம்

அன்புள்ள சார்,

நாங்கள் வட கரோலினாவில் கேரியில் இருக்கிறோம். மகனுக்குப் பத்து வயது. ஆறு வயதிலிருந்து ஊர்ப் பிள்ளைகள் ஆடும் ரெக் லீக்கில் பேஸ்பால் ஆடுகிறான். சென்ற மாதம் ஒரு ஆட்டம் முடிந்ததும், ஊர் ஊராகப் போய்ப் போட்டிகளில் ஆடும் டிராவல் அணி ஒன்றின் பயிற்சியாளர் எங்களிடம் வந்து, பையன் நன்றாகப் பந்து போடுகிறான், ஆகஸ்டில் டிரை-அவுட்டுக்கு, அதாவது அணித் தேர்வுக்கு, அழைத்து வாருங்கள் என்றார். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான்.

ஆண்டுக் கட்டணம் 2,600 டாலர். ஹோட்டல், பெட்ரோல் எல்லாம் தனி. கல்லூரி ஸ்காலர்ஷிப் கிடைத்தால் போட்டதெல்லாம் திரும்பிவிடும் என்று என் கணவர் கணக்குச் சொல்கிறார். தொழில்முறை பேஸ்பால் ஆடும் குமார் ராக்கரின் அம்மாவும் நம்மைப்போல இந்தியக் குடும்பம்தானே என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி போய்விடும். ஏழு வயது மகள் வாராவாரம் மைதானத்து வெயிலில் உட்கார வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "பந்து விளையாட ஊர் ஊராப் போகணுமா? இங்க பக்கத்துல பசங்களே இல்லையா?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. இப்போது விட்டால் பிறகு வாய்ப்பே கிடைக்காது என்று மற்றப் பெற்றோர்கள் வேறு பயமுறுத்துகிறார்கள்.

உங்கள் மகன் பேஸ்பால் ஆடியவன், நீங்கள் உங்கள் ஊர் லீக்கில் ஸ்கோர் எழுதுகிறவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். என்ன செய்யலாம்?

கே.

*

அன்புள்ள கே.,

உங்கள் மாமியார் கேட்டதுதான் முதலில் பதில் சொல்லவேண்டிய கேள்வி. பக்கத்தில் பசங்கள் இருந்தார்கள். 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் லிட்டில் லீகைத் தொடங்கியபோது இருந்த எண்ணமே அதுதான். தெருப் பிள்ளைகள், ஊர்க் கடைகள் கொடுக்கும் பணத்தில் சட்டை, பயிற்சி கொடுக்க யாராவது ஒரு அப்பா. இன்றும் உங்கள் ஊர் ரெக் லீக் இந்த அமைப்பில்தான் நடக்கிறது. ஆனால் நன்றாக ஆடும் பிள்ளைகள் ஒவ்வொருவராக டிராவல் அணிகளுக்குப் போகப்போக, பல ஊர்களில் ரெக் லீக் மெலிந்துவிட்டது. பந்து எறியும் பிட்சருக்கு ஸ்ட்ரைக், அதாவது அடிக்கத் தோதான சரியான பந்து, போட வராது. தவறான பந்துகளால் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்துபோவதுதான் வாக். வாக் மேல் வாக். மற்ற எட்டுப் பேரும் புல்லைப் பிடுங்கிக்கொண்டு நிற்பார்கள். பந்தே அடிக்கப்படாத இன்னிங்ஸ்களை எத்தனையோ மாலைகளில் ஸ்கோர் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். ஆட்டத்தை உண்மையாகவே விரும்பும் பையனுக்கு அது தண்டனை. உங்கள் மகன் அங்கே சலித்துப்போயிருந்தால் அவனைக் குறை சொல்ல முடியாது.

டிராவல் அணியில் அவனுக்குக் கிடைக்கும் முதல் லாபம் ஆட்டமே. லிட்டில் லீகில் பன்னிரண்டு வயதுவரை, பிட்ச் (பிட்சர் எறியும் பந்து) பேட்ஸ்மேனை எட்டும்வரை ரன்னர் பேஸை விட்டு நகரக்கூடாது. டிராவல் ஆட்டங்களில் பத்து வயதிலேயே பெரும்பாலும் லீட் எடுக்கலாம், அதாவது முன்கூட்டியே பேஸை விட்டுச் சில அடி நகர்ந்து நிற்கலாம். அந்த ஒரு விதி ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது. பிட்சர் ரன்னர் மேல் ஒரு கண் வைக்க வேண்டும், பேட்ஸ்மேனுக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சர் இரண்டாம் பேஸுக்கு எறியப் பழக வேண்டும், இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் யோசிக்க வேண்டும். எதிரில் நிற்கும் பையனும் உங்கள் பையன் அளவுக்கு ஆடுகிறவன். அப்புறம் தோழமை. பன்னிரண்டு பையன்கள் ஹோட்டல் நீச்சல் குளத்தில் ராத்திரி ஒன்பது மணிவரை கூத்தடிப்பதுதான் என் மகனுக்கு இன்றும் நினைவிருக்கிறது. எந்தப் போட்டியில் ஜெயித்தான் என்று கேட்டால் யோசிக்கிறான். பள்ளியில் அதிகம் ஒட்டாத நம் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கூட்டம் அமைவது சின்ன விஷயமில்லை.

சரி, பணம். 2,600 என்பது வாசல் கட்டணம்தான். நல்ல பேட் ஒன்று 300 டாலருக்கு மேல். அதுவும் பையன் வளர வளர மாற்ற வேண்டும். போட்டி அமைப்புக்கேற்ப பேட்டில் இருக்கவேண்டிய அங்கீகார முத்திரையும் மாறும். ரெக் லீக்கில் செல்லும் பேட்தான் இங்கேயும் என்று இருந்துவிடாதீர்கள். பல போட்டிகளில் அமைப்பாளர் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும், பக்கத்தில் மலிவாக அறை கிடைத்தாலும் எடுக்க முடியாது. உங்கள் மகன் ஆடுவதைப் பார்க்க நீங்களும் மாமியாரும் வாசலில் டிக்கெட் வாங்க வேண்டும். பாதிப் பையன்கள் தனிப்பயிற்சிக்குப் போவார்கள், உங்களுக்கும் போகவேண்டும்போல இருக்கும். பன்னிரண்டு வயதில் கூப்பர்ஸ்டவுன் வரும். பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் அந்த நியூயார்க் கிராமத்தின் பக்கத்தில் ஒரு வாரம் தங்கி ஆடும் போட்டி. பையனுக்கு மட்டுமே ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். குடும்பம் தனி. சிக்கனமாக இருந்தாலும் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 5,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024இல் ஒரு பிள்ளையின் முதன்மை விளையாட்டுக்கு அமெரிக்கக் குடும்பங்கள் சராசரியாகச் செலவழித்தது 1,016 டாலர் என்று ஆஸ்பென் இன்ஸ்டிடியூட் கணக்கெடுத்தது. நீங்கள் நிற்கப்போகும் இடம் அந்தச் சராசரியிலிருந்து வெகு தூரம்.

இதைப் படித்துவிட்டு பந்துக்கா இவ்வளவு என்று யாராவது கேட்டால், பெண்ணின் அரங்கேற்றத்துக்கு மண்டபம், பக்கவாத்தியம், சாப்பாடு, புடவை என்று நம்மவர்கள் ஒரே மாலையில் கரைப்பதையும் அவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும். யாரும் அரங்கேற்றச் செலவு கல்லூரியில் திரும்பி வரும் என்று சொல்வதில்லை. பேஸ்பாலில் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு அதில்தான் சண்டை.

உங்கள் கணவரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உயர்நிலைப் பள்ளியில் பேஸ்பால் ஆடுகிறவர்களில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் அணிகளுக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவு. அதன் மேல்தட்டான டிவிஷன் 1 என்றால் இரண்டு பேர் அளவு. அந்த டிவிஷன் 1 அணிக்கும் பல ஆண்டுகளாக அனுமதிக்கப்பட்ட ஸ்காலர்ஷிப் 11.7தான். பதினொன்றே முக்காலுக்கும் சற்றுக் குறைவான அதை இருபத்தேழு பேர் வரை பங்கு போட்டார்கள். முழுப் படிப்பும் இலவசமாகக் கிடைத்த பேஸ்பால் மாணவன் அபூர்வம். 2025இல் விதி மாறியது. புதிய ஏற்பாட்டை ஏற்ற கல்லூரிகள் 34 பேர் அணியில் எல்லோருக்கும் முழுத்தொகை கொடுக்கலாம். கொடுக்கும் அளவுக்குப் பணம் வைத்திருப்பவை பெரிய கல்லூரிகள். அவை வேறு கல்லூரியில் ஏற்கெனவே இரண்டு மூன்று ஆண்டு ஆடித் தேறிய 21 வயது ஆளைக் கூட்டிவரவே விரும்புகின்றன. உங்கள் மாநிலத்துக்காரர்களுக்கு சாப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் டியூஷனும் கட்டணங்களும் சேர்ந்து ஆண்டுக்கு 10,000 டாலருக்குள். பத்து வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை ஆண்டுக்கு 5,000 போட்டால் 40,000. கல்லூரிச் சேமிப்புக் கணக்கில் அதை அப்படியே போட்டிருந்தால் நான்கு ஆண்டுக் கட்டணம் கையில் இருக்கும், யாரும் பந்தைத் தொடாமலேயே. கணவரிடம் இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம். காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள்.

குமார் ராக்கர் நம் எல்லோருக்கும் பெருமைதான். அவருடைய அம்மா வழித் தாத்தா பாட்டி இந்தியாவிலிருந்து வந்தவர்கள். அப்பா டிரேசி ராக்கர் என்எஃப்எல்லில் ஆடிய அமெரிக்கக் கால்பந்து வீரர், மகன் ஆறடி ஐந்து அங்குலம். அந்த உயரம் நம் வீட்டில் வருமா என்பதை விடுங்கள். அவருடைய கையின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2021இல், தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், நியூயார்க் மெட்ஸ் அணி முதல் சுற்றிலேயே அவரைத் தேர்ந்தெடுத்து, மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் செய்யாமல் விட்டது. அந்த ஆண்டே தோளில் அறுவைச் சிகிச்சை. 2022இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது. 2023இல் முழங்கையில் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை. 2024 செப்டம்பரில்தான் தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகில் முதல் பந்தை வீசினார்.

டாமி ஜான் என்பது டாட்ஜர்ஸ் பிட்சர் ஒருவரின் பெயர். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருடைய முழங்கையின் கிழிந்த தசைநாருக்குப் பதில் உடலின் வேறிடத்திலிருந்து ஒன்றை எடுத்துப் பொருத்தினார். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கென்று தோன்றிய சிகிச்சை இது. அமெரிக்காவில் 2007 முதல் 2011 வரை நடந்தவற்றை ஒரு ஆய்வு எண்ணிப் பார்த்தது. பாதிக்கு மேல் 15 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்குச் செய்யப்பட்டவை. ஜான் ஸ்மோல்ட்ஸ் அந்த அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்த முதல் பிட்சர். 2015இல் அந்த மேடையிலேயே நின்று, பேஸ்பால் ஆண்டு முழுக்க ஆடுவதற்கான ஆட்டமில்லை என்று பெற்றோரைப் பார்த்துச் சொன்னார். உங்கள் மகன் பிட்சர் என்பதால்தான் இதை இவ்வளவு நீட்டுகிறேன். முதல் பேஸில் நிற்கும் பையன் என்றால் இரண்டு வரியோடு விட்டிருப்பேன்.

பத்து வயதில் தசைநார் கிழிவது அரிது. அந்த வயதில் முழங்கையின் வளர்ச்சித் தட்டுதான், அதாவது எலும்பு வளரும் மென்மையான பகுதிதான், பலவீனமான இடம், வலி முதலில் அங்கேதான் வரும். மேஜர் லீகும் பேஸ்பாலின் தேசிய அமைப்பான யூஎஸ்ஏ பேஸ்பாலும் 2014இல் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் என்ற வழிகாட்டி இருக்கிறது. யூஎஸ்ஏ பேஸ்பாலின் பயிற்சி மைதானம் உங்கள் கேரியில்தான். 9, 10 வயதுக்கு ஒரு நாளில் 75 பிட்சுக்கு மேல் கூடாது. பன்னிரண்டு மாதத்தில் 80 இன்னிங்ஸுக்கு மேல் கூடாது. ஆண்டில் நான்கு மாதம் பந்தே எறியக்கூடாது, அதில் இரண்டு மூன்று மாதமாவது தொடர்ச்சியாக இருக்க வேண்டும். பிட்ச் செய்யாத நேரத்தில் கேட்சராக நிறுத்தக்கூடாது. ஒரே காலத்தில் இரண்டு அணிக்குப் பிட்ச் செய்யக்கூடாது.

வார இறுதிப் போட்டியின் அமைப்பு இதற்கு நேர் எதிர். சனிக்கிழமை இரண்டு ஆட்டம், ஞாயிறு நாக்-அவுட். ஜெயித்தால் அன்றே இரண்டு மூன்று ஆட்டம். ஞாயிறு மதியத்துக்குள் பயிற்சியாளரிடம் மிச்சமிருக்கும் கைகள் குறைவு. சில போட்டி அமைப்புகள் பிட்சுகளை எண்ணாமல் இன்னிங்ஸை எண்ணுகின்றன. ஒரு இன்னிங்ஸில் பத்துப் பிட்சும் வரலாம், முப்பத்தைந்தும் வரலாம். ஒரு ஞாயிறு அரையிறுதியில் நான் ஸ்கோர் எழுதினேன். பதினோரு வயதுப் பையன் ஒருவன் ஒவ்வொரு பிட்சுக்கும் பிறகு கையை உதறிக்கொண்டான். முந்தைய நாள் வேறொரு அணிக்கு விருந்தாளியாகப் போய்ப் பிட்ச் செய்திருக்கிறான். அந்தக் கணக்கு இந்த அணியின் ஏட்டில் ஏறவில்லை. கோப்பை ஒன்றரையடி உயரப் பிளாஸ்டிக்.

இப்போது விட்டால் பிறகு வாய்ப்பில்லை என்கிறவர்களை நம்பாதீர்கள். பத்து வயதில் பிட்சர் நிற்பது 46 அடி தூரத்தில். பதிமூன்று பதினான்கு வயதுக்குள் அது 60 அடி 6 அங்குலமாகிறது, பேஸுக்கு பேஸ் 90 அடியாகிறது. மேஜர் லீகின் அளவும் அதுதான். பத்து வயதில் சீக்கிரம் வளர்ந்து எல்லோரையும் அவுட்டாக்கியவன் அந்தப் பெரிய மைதானத்தில் பந்து போய்ச் சேராமல் திணறுவதையும், ஒல்லிக்குச்சியாக, அடிக்கும் வரிசையில் ஒன்பதாவதாக ஆடியவன் அரையடி வளர்ந்து வந்து நிற்பதையும் ஆண்டுதோறும் பார்க்கிறேன். பயிற்சியாளர்களுக்கும் இது தெரியும். பதிமூன்று வயதில் டிரை-அவுட்டுக்கு வரும் புதுப் பையனை யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள், ஆடத் தெரிந்தால்.

வாய்ப்பு என்ற சொல் வேறொரு இடத்தில் உண்மையாகக் கனக்கிறது. ஆண்ட்ரூ மக்கச்சன் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் மீட் என்ற சின்ன ஊரில் வசதியில்லாத வீட்டில் வளர்ந்தவர், பிறகு மேஜர் லீகின் ஒரு பாதியான நேஷனல் லீகின் சிறந்த ஆட்டக்காரரானவர். ஊர் மைதானத்தில் எவ்வளவு ஆடினாலும், பயணம் போகப் பணமில்லாத பையனை யாரும் பார்ப்பதில்லை என்று 2015இல் எழுதினார். மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் 2022இல் ஆடிய இரண்டு அணிகளிலும் அமெரிக்காவில் பிறந்த கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லை. 1950க்குப் பிறகு முதல்முறை. அதற்குக் காரணங்கள் பல. பணம் அதில் ஒன்று. நாம் 2,600 கட்டலாமா என்று வீட்டுக்குள் பேசிக்கொண்டிருக்கிறோம், அதைப் பேசவே முடியாத வீடுகள் உண்டு. டிராவல் பாலின் பெரிய செலவு என்று நான் நினைப்பது இது. அதற்கு உங்கள் மகன் பொறுப்பில்லை.

என் யோசனை இதுதான். இன்னும் இரண்டு ஆண்டு ரெக் லீக்கில் ஆடட்டும், கோடையில், லீக்கில் நன்றாக ஆடுகிறவர்களைச் சேர்க்கும் ஊர் ஆல்-ஸ்டார் அணிக்கு முயலட்டும். பயணம் உள்ளூருக்குள் முடிந்துவிடும், ஆட்டமும் கொஞ்சம் சூடாக இருக்கும். தமிழ்ப் பள்ளியும் தப்பிக்கும். அவன் அழுது அடம்பிடித்து டிராவல்தான் வேண்டும் என்றால் சேருங்கள், அதிலும் தவறில்லை. ஸ்காலர்ஷிப் என்ற பேச்சை மட்டும் அவன் காதில் போடாதீர்கள். மகளை வாராவாரம் இழுத்துக்கொண்டு போக வேண்டாம், நீங்களும் கணவரும் முறைவைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ப்பதென்றால் டிரை-அவுட்டுக்கு முன்பே பயிற்சியாளரிடம் பேசுங்கள். அணியில் எத்தனை பேர் என்று கேளுங்கள். பன்னிரண்டு பேரும் வரிசையாக அடித்தால் ஒரு ஆட்டத்தில் பையனுக்குப் பேட் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு தடவை. ஒன்பது பேர்தான் அடிப்பார்கள் என்றால் அவன் பெஞ்சில் இருப்பான். பயிற்சியாளரின் மகன் அணியில் இருக்கிறானா, எங்கே ஆடுகிறான்? ஷார்ட்ஸ்டாப்பும் பிட்சருமாக இருந்தால் அங்கே டாடி பால், அதாவது அப்பா தன் மகனுக்குச் சலுகை காட்டுவது, நடக்கிறதா என்று கொஞ்சம் விசாரியுங்கள். சென்ற ஆண்டு ஆட்டங்களை, ஸ்கோர் பதியும் கேம்சேஞ்சர் செயலியில் பார்க்க அனுமதி கேளுங்கள். யார் எத்தனை பிட்ச் போட்டார்கள், மறுநாள் யார் மறுபடி போட்டார்கள் என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். காட்டத் தயங்கினால் அதுவே பதில். நான்கு மாத ஓய்வு எந்த மாதங்களில் என்றும் கேளுங்கள். குளிர்காலத்தில் உள்ளரங்கில் பந்து போட வைப்பதையே ஓய்வு என்று சிலர் சொல்வார்கள்.

இடம் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முன்பணம் கட்டச் சொல்வார்கள். பையனுக்குக் கை வலித்து நடுவில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்புமா என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்பதை அதற்குள் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் திரும்பாது என்றே எழுதியிருக்கும். தவணையாகக் கட்டலாமா என்று கேளுங்கள், பல அணிகள் ஒத்துக்கொள்கின்றன.