காந்தம் தீர்ந்து போகுமா?

கேள்வி: பழைய சைக்கிள் டைனமோ ஒன்றைப் பிரித்தேன். உள்ளே ஒரு காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும்தான் இருந்தன. காந்தத்திலிருந்து மின்சாரம் வருகிறது என்றால், நாளடைவில் அதன் சக்தி தீர்ந்துவிடாதா? எங்கள் ஊர்க் காற்றாலைகளுக்கும் இதே கதிதானா? நானே கம்பி சுற்றி, நடுவே காந்தத்தை ஆட்டியும் எல்.இ.டி. எரியவில்லையே, ஏன்?
– வாசகர், வள்ளியூர்

பதில்: மின்சாரம் எடுத்த தண்ணீரில் சத்து இருக்காது, பயிருக்கு ஆகாது என்று முன்பு சிலர் அஞ்சியதாகச் சொல்வார்கள். பாபநாசம் மின் நிலையத்தின் சக்கரங்களை 1944 முதல் சுழற்றிவிட்டு இறங்கும் தாமிரபரணித் தண்ணீரில்தான் நம் பக்கத்துக் கார், பிசானம் என்ற இரு பருவ நெல்லும் விளைகின்றன. அந்தத் தண்ணீர் இழப்பது உயரத்திலிருந்து விழும் வேகத்தை மட்டுமே. உங்கள் ஐயமும் அதே வகையைச் சேர்ந்ததுதான். காந்தமோ அந்த அளவுக்குக்கூட எதையும் இழப்பதில்லை.

1831-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் செருகியபோது மின்னோட்டம் காட்டும் முள் அசைந்தது. காந்தம் உள்ளேயே அசையாமல் இருந்தபோது முள் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. வெளியே இழுத்தபோது எதிர்ப்பக்கம் அசைந்தது. ஆக, சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலம் மாறிக்கொண்டிருக்கும்வரைதான் மின்சாரம் உண்டு. அந்த மாற்றத்தை உண்டாக்க யாரேனும் உழைத்தாக வேண்டும். சுருளில் மின்னோட்டம் பாயத் தொடங்கியதும் அதுவும் ஒரு காந்தமாகி, அசைவை எதிர்த்துத் தள்ளுகிறது. அந்த எதிர்ப்பை மீறிச் செய்யும் வேலையே மின்சாரமாகிறது. டைனமோவை டயரோடு ஒட்டவிட்டு, விளக்கின் ஒயரை மட்டும் கழற்றி மிதித்துப் பாருங்கள். விளக்கு எரியும்போது இருந்த பாரம் சற்றுக் குறைந்திருக்கும். அதாவது வெளிச்சத்துக்கு விலை கொடுப்பது உங்கள் கால்கள். காற்றாலையில் காற்றும், கூடங்குளத்தில் அணு வெப்பத்தால் எழும் நீராவியும் அந்த வேலையைச் செய்கின்றன.

நிலைக்காந்தம் கடும் வெப்பத்தாலோ பலத்த அடியாலோ வலுவிழக்கலாம். ஆனால் பெரிய மின் நிலையங்களின் ஜெனரேட்டர்களில் இருப்பது மின்னோட்டத்தால் உருவாகும் மின்காந்தமே. காற்றாலைகள் பலவற்றிலும் நிலைக்காந்தம் கிடையாது.

இனி உங்கள் எல்.இ.டி.க்கு வருவோம். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சுருளில் 500 சுற்றுகள் சுற்றி, 0.1 டெஸ்லா அளவுள்ள காந்தப்புலத்தை 0.05 விநாடியில் விலக்கினால் கிடைப்பது சராசரியாக 0.1 வோல்ட்தான், சிவப்பு எல்.இ.டி. எரியவோ ஏறக்குறைய 1.8 வோல்ட் தேவை. சுற்றுகளைப் பல மடங்காக்குங்கள். வலுவான நியோடிமியம் காந்தத்தை இன்னும் வேகமாக ஆட்டுங்கள். அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: மோட்டார் வைண்டிங் கடையில் வாங்கிய கம்பி என்றால் அதன்மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும். இரு முனைகளிலும் அதைச் சுரண்டி எடுக்காமல் இணைத்திருந்தால், எவ்வளவு ஆட்டினாலும் விளக்குக்கு ஒன்றும் போய்ச் சேராது.