டேங்கை நிரப்பினால் முள் இறங்குகிறது

கேள்வி: 1970 மாடல் செவ்ரோலே பிக்கப்பில் பழைய மீட்டர்களைக் கழற்றிவிட்டுப் புது செட் மாட்டினேன். டேங்க் காலியாக இருக்கும்போது பெட்ரோல் முள் 'ஃபுல்' தாண்டி நிற்கிறது. நிரப்பினால் பாதிக்குச் சற்று மேலே வந்து நின்றுவிடுகிறது. மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது, டேங்கை மாற்றுங்கள் என்கிறார் விற்றவர். மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம். டேங்கிலும் பழுதில்லை, மீட்டரிலும் பழுதில்லை. இரண்டுக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை.

டேங்குக்குள் மிதவையோடு ஒரு யூனிட் இருக்கும். பெட்ரோல் ஏற இறங்க அதன் மின்தடை மாறும்; அதை ஓம் என்ற அளவில் சொல்வார்கள். உங்கள் வண்டியில் காலி என்றால் 0, நிறைந்தால் 90. கடையில் கிடைக்கும் செட்டுகளில் பலவும் நேர்மாறானவை: காலிக்கு 240, நிறைவுக்கு 33. அதனால் யூனிட் 0 என்றதும் மீட்டர் டேங்க் வழிகிறது என்று எடுத்துக்கொள்கிறது. 90 என்றதும் பாதிக்குக் கொஞ்சம் மேலே காட்டுகிறது.

சந்தேகம் இருந்தால் யூனிட்டின் ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த முனைக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். இந்த வண்டியில் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி, இரண்டு கதவையும் திறந்து வைத்துவிட்டுக் கை வையுங்கள்.

அடுத்து யாராவது "நடுவில் ஒரு ரெசிஸ்டர் போட்டால் போதும்" என்று வருவார். நம்பாதீர்கள். ரெசிஸ்டர் ஓம் அளவைக் கூட்டும், ஏறுவதை இறங்குவதாகத் திருப்பிவிடாது. காசு வாங்கியவர் போய்விடுவார், நீங்கள் நடுவழியில் பெட்ரோல் இல்லாமல் நிற்பீர்கள். 0–90 மீட்டர் வாங்குங்கள், அல்லது டேங்கின் ஆழத்துக்கு ஏற்ற 240–33 யூனிட் போடுங்கள். இரண்டில் ஒன்று போதும்.

பழைய ஃபோர்டு பிக்கப் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனியுங்கள். அதில் காலிக்கு 73, நிறைவுக்கு 10. அதோடு டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ரெகுலேட்டர், மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்து, மீட்டருக்குச் சராசரியாக 5 வோல்ட் போகும்படி வைத்திருக்கும். புது 12 வோல்ட் மீட்டரை அந்த ஒயரில் மாட்டினால் சரியாகக் காட்டாது. பழைய மீட்டரை நேரடியாக 12 வோல்ட்டில் மாட்டினால் கருகிவிடும். பழையதும் புதியதும் கலந்து மாட்டுகிறவர்கள் இரண்டுக்கும் தனித்தனி ஒயர் இழுத்தே ஆக வேண்டும்.

ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஓம் வைத்தது ஒரு கொடுமை. அதைப் பெட்டியின் மேல் பெரிதாக அச்சடிக்காமல் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று விற்பது அதைவிடப் பெரிய கொடுமை. பொருந்துவது ஓட்டையின் அளவு மட்டும்தான். டேங்கை மாற்றச் சொன்னவரிடமே போய், இது எத்தனை ஓம் மீட்டர் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.