தொழில்நுட்பம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பஸ்ஸில் பூட்டிய ஜிபிஎஸ் பெட்டியின் பதிவுகளை ‘சுமோ’ என்ற போக்குவரத்து மாதிரி மென்பொருளில் ஏற்றினோம். வீதி வலை ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்ற திறந்த இணைய வரைபடத்திலிருந்து எடுத்தது. காங்கேசன்துறை வீதியில் ஓடிய பஸ் வலைக்கு வெளியே நிற்கிறது. நில அளவை வரைபடக் கோப்பை மாற்றிப் போட்டாலும் பொருந்தவில்லை. புள்ளிகளைக் கையால் இழுத்துப் பொருத்தலாமா?
— வாசகர், கொக்குவில்

பதில்: இழுக்கவே வேண்டாம். முதலில் எண்களைப் பாருங்கள், அவையே காரணத்தைச் சொல்லிவிடும். யாழ்ப்பாண நகரம் ஜிபிஎஸ்ஸில் ஏறத்தாழ அகலாங்கு 9.66, நெட்டாங்கு 80.02. உலகை வலயங்களாகப் பிரித்து மீற்றரில் அளக்கும் யூடிஎம் முறையின் 44 வடக்கு வலயத்தில் கிழக்கு 392 கிலோமீற்றர், வடக்கு 1068. இலங்கை வரைபடங்களுக்கான 1999 ஆள்கூற்றுக் கட்டமைப்பில் 417, 794. பழைய கட்டமைப்பில் 117, 494. இந்த இரு இலங்கைக் கட்டமைப்புகளின் தொடக்க எண் முறையே 500, 200 என்று வேறுபடுவதால், ஒன்றை மற்றதாக எடுத்தால் இரு திசையிலும் 300 கிலோமீற்றர் விலகல் வரும். பஸ் ஆர்க்டிக் கடலில் ஸ்பிட்ஸ்பெர்கனுக்குப் பக்கத்தில் நின்றால் அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறியிருக்கிறது.

எல்லாம் 200 மீற்றருக்குச் சற்று மேலே, கிழக்கு மேற்காக விலகினால் காரணம் டேட்டம், அதாவது ஆள்கூறுகள் எந்தப் பூமி வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை என்பது. இலங்கைக் கட்டமைப்புகள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பூமி வடிவத்தில் அமைந்தவை. ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொன்றில். நில அளவைக் கோப்பை ஈபிஎஸ்ஜி (ஆள்கூற்று முறைகளின் குறியீட்டு எண்) 5235 (பழையதானால் 5234) என்று அறிவித்து, யூடிஎம் 44 வடக்கின் எண்ணான 32644க்கு மாற்றுங்கள். ஒரு டேட்டத்திலிருந்து மற்றதற்கு மாற்றும் காரணிகள் இல்லாத கோப்பை மென்பொருள் சத்தமில்லாமல் சுழிய விலகலாக எடுத்துக்கொள்ளும். பலர் சறுக்குவது இங்கேதான்.

அடுத்து சுமோவின் சொந்த வழக்கம். வலையை உருவாக்கும்போது அது ஆள்கூறுகளைச் சுழியத்துக்கு அருகே தள்ளிவிடும். வலைக் கோப்பின் தொடக்கத்தில் ‘லொகேஷன்’ வரியைத் திறந்து ‘நெட்ஓப்செட்’ என்ற தள்ளல் அளவைப் பாருங்கள். அது -390000, -1065000 என்றிருந்தால், பஸ்ஸின் யூடிஎம் 392500, 1068000 உடன் கூட்டுங்கள்: 2500, 3000. இதுதான் வலைக்குள் அதன் இடம். எறியம், அதாவது உருண்டைப் பூமியைத் தட்டை வரைபடமாக்கும் முறை, பற்றிய வரியும் அங்கேயே இருக்கும். உங்கள் மாற்றமும் அதே எறியத்தில் நடக்க வேண்டும்.

இழுத்தால் என்ன கெடும்? யூடிஎம்மும் இலங்கைக் கட்டமைப்பும் ஒன்றுக்கொன்று 0.04 பாகையளவு திரும்பியவை. கொக்குவிலில் பொருந்தியது 10 கிலோமீற்றர் வடக்கே 7 மீற்றர் விலகி, பக்கத்து வளவுக்குள் போய்விடும். எல்லாம் சரிசெய்த பிறகும் எஞ்சும் சில மீற்றர் ஜிபிஎஸ்ஸின் பிசகு. அதை எறியத்தால் திருத்த முயலாதீர்கள், புள்ளியை அருகிலுள்ள வீதியில் சேர்க்கும் வீதிப் பொருத்தத்துக்கு விடுங்கள்.

கேள்வி: சுமோவில் எங்கள் பஸ் வீதியில் ஏறிவிட்டது, ஆனால் எதிர்த் திசை வரிசையில் நிற்கிறது.
— வாசகர், சுன்னாகம்

பதில்: நம் வாகனங்கள் இடது பக்கம் ஓடுபவை. வலை தயாரிக்கும் கட்டளையில் ‘லெஃப்ட்ஹாண்ட்’ தெரிவைச் சேர்த்து மறுபடி தயாரியுங்கள். திசைக் கோணத்தையும் பாருங்கள்: சுமோ வடக்கைச் சுழியமாக வைத்து வலஞ்சுழியாக எண்ணும். இரு புள்ளிகளிலிருந்து நீங்களே கணக்கிட்ட கோணம் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக இருந்தால் 90இலிருந்து கழியுங்கள். சுமோவில் வாகனத்தின் இடம் என்பது முன் பம்பரின் நடு. 12 மீற்றர் பஸ்ஸின் கூரை நடுவில் அண்டெனா இருந்தால் ஓடும் திசையில் 6 மீற்றர் முன்னே தள்ளுங்கள்.