தம்பி பணமும் கண்ணிவெடி வண்டிப் பங்கும்

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். என் தம்பி சி.ஆர்.பி.எஃப்.பில் இருக்கிறான், இப்போது சத்தீஸ்கரில் டூட்டி. மாதாமாதம் அவன் அனுப்பும் பணம் என் கணக்கில் 6.5 லட்சம் சேர்ந்திருக்கிறது. ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டி அவனுக்குப் பெண் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. கண்ணிவெடி தாங்கும் ராணுவ வண்டி செய்யும் ஒரு கம்பெனியின் பங்கு இப்போது ஏறிக்கொண்டே போகிறது. முழுப் பணத்தையும் போட்டால் ஒரு வருஷத்தில் இரட்டிப்பாகும் என்று நண்பர் சொல்கிறார். தம்பிக்கு இதெல்லாம் தெரியாது, மாசிப் பச்சைத் திருவிழாவுக்கு லீவில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். நம் படைக்கு உதவும் கம்பெனிதானே, போடலாமா?

பதில்: போடக் கூடாது.

பங்கு ஏறுமா இறங்குமா என்பதை அப்புறம் பார்ப்போம். "தம்பிக்கு இதெல்லாம் தெரியாது, லீவில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். எது தெரியாது உங்கள் தம்பிக்கு? பங்கு வாங்கி வைக்கிற டீமேட் கணக்கு தெரியாமல் இருக்கலாம். நீங்கள் பணம் போடப் போகிற அந்த வண்டியைப் பற்றி உங்களுக்கும் உங்கள் நண்பருக்கும் தெரிந்ததைவிட அவனுக்குப் பத்து மடங்கு தெரியும். அவன்தான் அங்கே இருக்கிறான்.

அந்த வண்டியின் அடிப்பாகம் தட்டையாக இருக்காது. ஆங்கில 'வி' எழுத்துப் போல நடுவில் கூராக இறங்கும். அடியில் வெடித்தால் வெடியின் வேகம் இரண்டு பக்கமும் சரிந்து வெளியே போகும், உள்ளே இருப்பவர்கள் பிழைப்பார்கள். தென்னாப்பிரிக்கா, ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) பக்கம் 1970-களில் வளர்ந்த முறை இது. நல்ல வண்டிதான், எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ரோட்டுக்கு அடியில் அளவுக்கு மீறி வெடிமருந்தைப் புதைத்தால் இதையும் தூக்கி எறிந்துவிடும். 2005-ல் சத்தீஸ்கரின் பிஜாப்பூர் பக்கம் மாவோயிஸ்ட்டுகள் அப்படிப் புதைத்த வெடியில் ஒரே வண்டியில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதனால்தான் அந்தக் காடுகளில் பல இடங்களில் படையினர் வண்டியை விட்டுவிட்டு நடந்தே போகிறார்கள். "நீ எத்தனை நாள் அந்த வண்டியில் ஏறினாய், எத்தனை நாள் நடந்தாய்?" என்று தம்பியிடம் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால் கடிதத்தில் ஒரு வரியாவது இருந்திருக்கும்.

சரி, பங்குக்கு வருவோம். இதே வண்டியைச் செய்து இதே ஆசையைக் கிளப்பிய ஒரு கம்பெனி அமெரிக்காவில் இருந்தது. ஃபோர்ஸ் புரொடெக்‌ஷன் என்று பெயர், தென் கரோலினா மாநிலம். ஈராக்கில் சாலையோர வெடிகளில் அமெரிக்கச் சிப்பாய்கள் செத்துக்கொண்டிருந்தபோது, 2007-ல் இந்த ரக வண்டிகளுக்குத்தான் முதலிடம் என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் உத்தரவு போட்டார். கம்பெனியின் பங்கு அந்த வருஷம் 30 டாலரைத் தொட்டது. வாங்கியவர்களும் உங்களைப் போலத்தான், படைக்கு உதவும் கம்பெனி, இனி இறங்காது என்று நினைத்தார்கள். அரசு ஆர்டரைப் பல கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. அடுத்த வருஷமே பங்கு 5 டாலருக்குக் கீழே போனது. 2011-ல் ஜெனரல் டைனமிக்ஸ் என்ற பெரிய கம்பெனி ஒரு பங்குக்கு 5.52 டாலர் கொடுத்து மொத்தமாக வாங்கிக்கொண்டது. வண்டியில் குறை இல்லை, அது உயிர்களைக் காப்பாற்றத்தான் செய்தது. வாங்குகிறவர் ஒரே ஒருவர், அவரும் அரசாங்கம், அவசரம் தீர்ந்தால் ஆர்டரும் தீர்ந்துவிடும் என்பதுதான் இந்தத் தொழிலின் நிலைமை.

நம் நாட்டில் இந்த வண்டியை மட்டுமே நம்பிப் பங்கு வாங்குவதும் சுலபமில்லை. தெலங்கானாவின் மேடக்கில் அரசு ஆலை செய்கிறது, அதன் பங்கு சந்தைக்கு வரவில்லை. பாரத் ஃபோர்ஜ் என்ற தனியார் கம்பெனி 2021-ல் இதே ரகக் கல்யாணி எம்4 வண்டிக்காக ராணுவத்திடம் பெற்ற ஆர்டர் சுமார் 178 கோடி ரூபாய். அதன் வருஷ வியாபாரம் பல ஆயிரம் கோடி. வண்டியை நினைத்துப் பணம் போடுவீர்கள், உங்கள் பணம் லாரிக்கும் காருக்கும் உதிரி பாகம் அடிக்கிற தொழிலில் போய் நிற்கும்.

இன்னொன்றையும் யோசித்தீர்களா? மாவோயிஸ்ட் வன்முறையை 2026 மார்ச் 31-க்குள் முடிப்போம் என்று மத்திய அரசு கெடு வைத்தது. அந்தக் காட்டில் வெடி பயம் ஒழிந்து தம்பி நிம்மதியாக இருக்க வேண்டும் என்று உங்கள் அம்மா கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டிருப்பார். நீங்கள் வாங்கப் போகிற பங்கு ஏற வேண்டுமென்றால் அந்தப் பயம் கூட வேண்டும். ஒரே வீட்டில் தாய் ஒன்றை வேண்ட, அண்ணன் கையில் இருக்கும் பங்கு வேறொன்றை எதிர்பார்த்துக்கொண்டிருக்கலாமா? போர்த்தளவாடக் கம்பெனியில் பணம் போடுவது பாவம் என்று நான் சொல்லவில்லை. கூடப் பிறந்தவன் அங்கே நிற்கும்போது, அவன் பணத்தைக் கொண்டே, அவனுக்குச் சொல்லாமல் போடுவது தப்பு.

லாபம் வந்தால் யாருக்கு, நஷ்டம் வந்தால் யாருக்கு என்று கடிதத்தில் தேடிப் பார்த்தேன். இல்லை. டீமேட் உங்கள் பெயரில், பணம் அவனுடையது. தெருவில் சீட்டுப் பிடிக்கிற அக்காகூட ஏலத்தொகையை எல்லார் முன்னாலும்தான் சொல்வார். வீட்டுக்குள் அண்ணன் தம்பிக்குக் கணக்குச் சொல்ல மாசி வர வேண்டுமா? அப்பா இல்லாத இடத்தில் மூத்தவன் நிற்கிறான் என்ற நம்பிக்கையில்தான் கேள்வி கேட்காமல் அனுப்பிக்கொண்டிருக்கிறான். அவன் கேட்கவில்லை என்பதற்காகச் சொல்லாமல் இருக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. அவன் கேட்காததால்தான் நீங்கள் இரண்டு மடங்கு ஒழுங்காக இருக்க வேண்டும்.

இன்று ராத்திரியே பாஸ்புக் பக்கத்தைப் படமெடுத்து அவன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். டவர் கிடைக்கும்போது பார்க்கட்டும். பணத்தை அவன் கணக்குக்கே மாற்றி, அவன் பெயரில் வைப்புத்தொகையாகப் போடச் சொல்லுங்கள், அம்மா நாமினியாக இருக்கட்டும். இனி மாதப் பணமும் அங்கேயே போகட்டும். வீட்டுக்கு எஸ்டிமேட் வாங்கி அதையும் அனுப்புங்கள், எத்தனை சதுர அடி, எப்போது அஸ்திவாரம் என்று அவன் முடிவு செய்யட்டும்.

அந்தப் பங்கின் மேல் ஆசை விடவில்லையென்றால் உங்கள் கடைச் சம்பளத்தில், வீட்டுச் செலவு போக மிச்சம் பிடித்ததில் வாங்குங்கள். அதற்கு என்னிடம் கேட்க வேண்டியதே இல்லை.