அந்த 19 சிவப்புக் கோடுகளை என்ன செய்வது?

கேள்வி: அன்புள்ள அம்மா, நான் கரூரில் வீட்டு உபயோகத் துணிகள் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். வெளிநாட்டு பையர்களுக்குத் தினமும் மெயில் எழுத வேண்டும். பேசும்போது எப்படியோ சமாளித்துவிடுகிறேன், எழுத உட்கார்ந்தால் தப்பு வருகிறது. நாம் எழுதுவதை வெளிநாட்டுக்காரர்கள் இலவசமாகத் திருத்தித் தரும் தளம் ஒன்று இருப்பது தெரிந்து, அதில் எட்டு வரி எழுதிப் போட்டேன். இரண்டு பேர் திருத்தியிருந்தார்கள். மொத்தம் 19 இடத்தில் சிவப்புக் கோடு. ஒருவர் சரி என்று விட்டதை இன்னொருவர் அடித்திருக்கிறார். பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. "எதற்கு ஊர் முன்னால் அசிங்கப்படுகிறாய்? ஏஐ-யிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் சரிசெய்து தருமே" என்கிறார் கணவர். நான் தொடரலாமா? யார் சொல்வதை நம்புவது? திருத்திய பக்கத்தைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், கரூர்

பதில்: தொடருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு கோடாகப் பார்த்த பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

உங்களுக்கு 19 என்ற எண்ணிக்கைதான் கண்ணில் பட்டிருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. எட்டு கோடுகள் 'ஏ', 'தி' என்ற ஆர்ட்டிகிள் சம்பந்தப்பட்டவை. மூன்று, நேற்று நடந்ததைச் சொல்லும்போது 'ஹேவ்' போட்டதால் வந்தவை. இரண்டு, 'டிஸ்கஸ் அபவுட்', 'ரிவர்ட் பேக்' என்று தேவையில்லாமல் ஒரு சொல்லைக் கூடச் சேர்த்ததால் வந்தவை. மீதி ஆறும் தப்பே இல்லை. திருத்தியவர் தன் காதுக்கு இனிமையாக மாற்றிக் கொடுத்தவை, அவ்வளவுதான். ஆக, நீங்கள் செய்த தவறுகள் மூன்றே வகை. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும் எல்லோரும் செய்கிற தவறுகள் அவை.

'ஹேவ்' விஷயத்தை எடுத்துக்கொள்வோம். "நேற்று சாம்பிள் அனுப்பியிருக்கிறேன்" என்பது தமிழில் சுத்தமான வாக்கியம். அதே நினைப்பில் 'ஐ ஹேவ் சென்ட் தி சாம்பிள்ஸ் எஸ்டர்டே' என்று எழுதிவிட்டீர்கள். எஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2022 என்று முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் ஆங்கிலத்தில் 'ஹேவ்' நிற்காது, 'ஐ சென்ட்' மட்டும்தான். காலத்தைச் சொல்லாமல், அனுப்பியாகிவிட்டது என்ற தகவலை மட்டும் சொன்னால் 'ஐ ஹேவ் சென்ட்' சரி. இந்த ஒன்று பிடிபட்டால் உங்கள் மெயில்களில் கணிசமான பிழைகள் போய்விடும்.

ஆர்ட்டிகிளுக்குத் தமிழர்களுக்கு ஒரு நல்ல கைப்பிடி இருக்கிறது. ஒரு பொருள் பேச்சில் முதன்முதலாக வரும்போது அதன் முன்னால் 'ஒரு' போட்டுப் பாருங்கள். அதே பொருள் மறுபடி வரும்போது 'அந்த' போட்டுப் பாருங்கள். "ஒரு புது பையர் ஆர்டர் கொடுத்தார். அந்த பையர் சுவீடன்காரர்." முதலில் 'ஏ', அடுத்து 'தி'. எல்லா இடத்துக்கும் இது போதாது. 'தி சன்' போன்றவை தனி. கணக்கில் எண்ண முடியாத காட்டன், இன்ஃபர்மேஷன் போன்ற சொற்களுக்கு முன்னால், தமிழில் 'ஒரு தகவல்' என்று சொன்னாலும், ஆங்கிலத்தில் 'ஏ' வராது. ஆனால் உங்களுடைய எட்டில் ஐந்து, இந்தச் சோதனையை வைத்து நீங்களே பிடித்திருக்கக்கூடியவை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சிவப்புக் கோட்டைப் பார்ப்பதால் மட்டும் எழுத்து மாறாது. மொழி கற்பிப்பவர்களுக்குள்ளேயே இதில் பெரிய சண்டை நடந்திருக்கிறது. மாணவர்களின் எழுத்தில் இலக்கணத்தைத் திருத்துவது வீண், அதைக் கைவிட வேண்டும் என்று ஜான் டிரஸ்காட் என்ற ஆய்வாளர் 1996-இல் ஒரு கட்டுரை எழுதினார். அந்த முடிவு அவசரமானது என்று 1999-இல் டேனா ஃபெரிஸ் பதில் எழுதினார். விவாதம் பல வருடம் ஓடியது. எனக்கு அதில் பயனுள்ளதாகப் பட்டது ஜான் பிட்ச்னர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு. நியூசிலாந்தில் ஆங்கிலம் கற்க வந்தவர்களின் எழுத்தில், நான் மேலே சொன்ன அதே இரண்டை, முதல் தடவைக்கு 'ஏ', மறுதடவைக்கு 'தி' என்பதை மட்டும் திருத்திக் கொடுத்தார்கள். திருத்தம் பெற்றவர்கள் பெறாதவர்களைவிடச் சரியாக எழுதினார்கள். இரண்டு மாதம் கழித்து எழுதவைத்தபோதும் அந்த முன்னேற்றம் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சரிசெய்யப் பார்க்காமல் ஒன்றிரண்டை மட்டும் பிடித்துக்கொண்டால் பலன் இருக்கும் என்பதற்கு இது எனக்குப் போதுமான சான்று.

உங்கள் தொழிலிலேயே இது இருக்கிறது. பையர் சாம்பிளைப் பார்த்து கமென்ட் போட்டு அனுப்பினால், படித்துவிட்டு ஃபைலில் போட்டு மூடிவிடுவீர்களா? திருத்தி அடுத்த சாம்பிள் செய்து அனுப்புவீர்கள். எழுத்துக்கும் அந்த இரண்டாவது சாம்பிள் வேண்டும். திருத்தத்தைப் படியுங்கள், ஒரு நாள் விட்டுவிடுங்கள். பிறகு அதைப் பார்க்காமல் அதே எட்டு வரியை மறுபடி எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முதல் தடவை செய்த தப்பு மறுபடி வந்த இடங்கள்தான் உங்களுக்கான பாடம். அவற்றை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே உங்கள் வேலையிலிருந்தே ஒரு புது வாக்கியம் எழுதிப் பழகுங்கள். இப்படித் தளத்தில் எழுதுகிறவர்களில் சிலர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவதுண்டு. அப்படிப் போனால் அடுத்த வருடமும் அதே எட்டு 'தி'க்குக் கோடு விழும்.

யாரை நம்புவது என்று கேட்டீர்கள். திருத்துகிறவர்களில் பலர் ஆசிரியர்கள் இல்லை. தாய்மொழி என்பதால் எது சரி என்று தெரியும், ஏன் என்று பெரும்பாலும் சொல்லத் தெரியாது. நம்மிடம் ஒரு வெளிநாட்டுக்காரர் "ஏன் இங்கே 'ஐ' வருகிறது, அங்கே வரவில்லை?" என்று வேற்றுமை உருபைப் பற்றிக் கேட்டால் நாமும் விழிப்போம். அதனால் அவர்களிடம் 'ஏன்' என்று கேட்பதைவிட, "நான் எழுதியது தப்பா, அல்லது சரிதான், ஆனால் நீங்கள் இப்படிச் சொல்ல மாட்டீர்களா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி தப்பையும் விருப்பத்தையும் பிரித்துவிடும். இருவரும் ஒரே இடத்தில் கோடு போட்டிருந்தால் யோசிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் போட்டிருந்தால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் ஆகியவற்றின் கற்பவர்களுக்கான அகராதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றில் அந்தச் சொல்லின் உதாரண வாக்கியங்களைப் பாருங்கள். 'டிஸ்கஸ்' என்று தேடினால், அதன் பின்னால் 'அபவுட்' போடக்கூடாது என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே தனியாகக் குறிப்புப் போட்டிருக்கும்.

சில முரண்பாடுகள் நாட்டைப் பொறுத்தவை. வார இறுதியில் என்பதற்குப் பிரிட்டனில் 'அட் தி வீக்எண்ட்' என்பார்கள், அமெரிக்காவில் 'ஆன் தி வீக்எண்ட்' என்பார்கள். அமெரிக்கர் பிரிட்டிஷ்காரரின் வழக்கை அடித்துவிடுவதும் உண்டு. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நம் ஊர் ஆங்கிலம் என்று ஒன்றும் இருக்கிறது. 'ஐ ஹேவ் எ டவுட்' என்று நாம் சொன்னால் கேள்வி இருக்கிறது என்று பொருள், அவர்களுக்கோ நாம் எதையோ நம்ப மறுப்பதாகப் படும். ஒன்றைக் குறித்த தேதிக்கு முன்னதாகவே வைப்பதற்கு நாம் சொல்லும் 'ப்ரிபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது, இருந்தாலும் ஜெர்மனியில் இருக்கும் பையருக்கு அது புரிய வேண்டும் என்று அவசியம் இல்லை. 'ரிவர்ட்'தான் இதில் ஆபத்தானது. நம் ஆபீஸ்களில் பதில் சொல்கிறோம் என்ற பொருளில் எழுதுகிறோம். பழைய நிலைக்கே திரும்புவது என்றுதான் வெளியே பலர் புரிந்துகொள்வார்கள். "கலர் பற்றி ரிவர்ட் செய்கிறோம்" என்று எழுதினால், பழைய கலருக்கே போகிறீர்களா என்று அவர் பதறலாம். இந்தச் சொற்களை வெட்கப்பட்டு மறக்கச் சொல்லவில்லை. சென்னை ஆபீஸுக்கு எழுதும்போது இருக்கட்டும், பையருக்கு எழுதும்போது 'ரிப்ளை', 'கொஸ்டின்' என்று எழுதுங்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் பையர்களில் பலருக்கும் ஆங்கிலம் இரண்டாவது மொழிதான். அவர்களுக்கு வேண்டியது தெளிவு. எத்தனை பீஸ், எந்தத் தேதி, எது தாமதம், ஏன் என்பது சந்தேகமில்லாமல் புரிய வேண்டும். அதனால் அந்த ஆறு இனிமைத் திருத்தங்களை இப்போதைக்கு மனப்பாடம் செய்ய வேண்டாம்.

எங்கே எழுதுவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் 2007-இல் தொடங்கிய லாங்-8 இந்த முறையைப் பரவலாக்கிய தளங்களில் ஒன்று, பின்னாளில் அது புது உறுப்பினர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. இப்போது லாங்கரெக்ட் அதே மாதிரி நடக்கிறது. ரெட்டிட்டில் ரைட்ஸ்ட்ரீக்-இஎன் என்ற குழுவில் தினம் கொஞ்சம் எழுதிப் போடலாம். ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் (Stack Exchange) என்ற கேள்வி-பதில் தளத்தில் ஆங்கிலம் கற்பவர்களுக்கான பகுதி வேறு மாதிரி. அங்கே ஒரு பத்தியைப் போட்டு 'திருத்துங்கள்' என்று கேட்டால் மூடிவிடுவார்கள். ஒரே வாக்கியத்தைக் கொடுத்து, இந்த இடத்தில் ஏன் இது வருகிறது என்று குறிப்பாகக் கேட்டால் விரிவான விளக்கம் கிடைக்கும். திருத்தியவர்களால் சொல்ல முடியாத 'ஏன்'களை அங்கே கொண்டுபோங்கள்.

எழுதுவது சின்னதாக இருக்கட்டும். நீளமாகப் போனால் திருத்த வருகிறவர்கள் குறையலாம். சம்பளமில்லாமல் தங்கள் நேரத்தைக் கொடுக்கிறவர்கள் அவர்கள். மேலே ஒரு வரி சேருங்கள்: வேலைக்கான மெயில் பழகுகிறேன், இலக்கணத்தை மட்டும் பாருங்கள், நடையை விட்டுவிடுங்கள் என்று. நீங்களும் தமிழ் கற்கிறவர்களின் பத்திகளைத் திருத்திக் கொடுங்கள். இந்தத் தளங்கள் கொடுக்கல் வாங்கலில்தான் ஓடுகின்றன. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும், தமிழரை மணந்தவர்களும் ஆசையாக எழுதிப் பார்க்கிறார்கள். 'நான் நேற்று கடைக்குப் போகிறேன்' என்று எழுதியவரைப் பார்த்து நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். உங்கள் எட்டு வரியைத் திருத்தியவரும் சிரித்திருக்க மாட்டார்.

உண்மையான பையர் மெயிலை ஒருபோதும் அங்கே ஒட்டாதீர்கள். கம்பெனி பெயர், விலை, ஆர்டர் நம்பர் எதுவும் வெளியே போகக்கூடாது, வேலைக்கே ஆபத்து. சம்பவத்தை மாற்றி எழுதுங்கள். சொந்தப் பெயரும் படமும் வேண்டாம். நன்றாகத் திருத்திக் கொடுத்துவிட்டு வாட்ஸ்அப் நம்பர் கேட்கிறவருக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிடுங்கள். உதவி செய்ய வந்தவருக்கு எல்லோரும் பார்க்கும் பக்கமே போதும்.

ஏஐ பற்றி உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி. சாயங்காலம் ஆறு மணிக்குள் போக வேண்டிய மெயிலை அதனிடம் காட்டித் திருத்தி அனுப்புங்கள், அதிலும் விலையையும் பெயர்களையும் எடுத்துவிட்டு. அதில் வெட்கமில்லை. ஆனால் நீங்கள் குழப்பமாக எழுதினாலும் அது யூகித்து அழகாக எழுதிக் கொடுத்துவிடும், குழப்பம் எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரியாமலே போகும். உங்கள் பத்தியில் ஐந்தாவது வரிக்குப் பக்கத்தில் முதலாமவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்தீர்களா? சரக்கு கிளம்பிவிட்டதா, இனிமேல்தான் கிளம்புமா என்று தனக்குப் புரியவில்லை என்கிறார். அவருடைய 11 கோடுகளையும்விட எனக்கு அந்தக் குறிப்புதான் மதிப்பானதாகத் தெரிகிறது. பையரும் அங்கேதான் தடுக்கி விழுவார். அசிங்கம் என்று உங்கள் கணவர் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. பெயர் தெரியாத ஒரு பக்கத்தில், கற்றுக்கொள்ள வந்தவர்கள் நடுவில் தப்பாக எழுதுவதில் என்ன அசிங்கம்? தமிழ் மீடியத்தில் படித்து வெளிநாட்டு ஆர்டர்களைக் கையாளும் இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். அந்தப் பெருமை உங்கள் வீட்டிலும் இருக்க வேண்டும்.

இந்த வாரம் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். அதே எட்டு வரியை, 'ஏ', 'தி', 'ஹேவ்' மூன்றில் மட்டும் கவனம் வைத்து எழுதுங்கள். ஐந்தாவது வரியில் சரக்கு கிளம்பிய தேதியைச் சேருங்கள். தலைப்பில் 'இரண்டாம் முறை' என்று குறிப்பிட்டுப் போட்டுவிட்டு, முதலில் திருத்திய இருவருக்கும் அதன் இணைப்பை அனுப்புங்கள். தாங்கள் திருத்தியது பயன்பட்டதா என்று பார்க்க அவர்களுக்கும் ஆசை இருக்கும்.