குடல் புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் குடிக்கலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 38. பெருங்குடலில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற அழற்சிப் புண் நோய் இருக்கிறது. மெசலமைன் மாத்திரை சாப்பிடுகிறார். எட்டு மாதமாக மலத்தில் ரத்தம் போகவில்லை. நம் தோப்புக் கொப்பரையைச் செக்கில் ஆட்டி, அந்த எண்ணெயைத் தினமும் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி குடித்தால் புண் ஆறிவிடும், மாத்திரையே வேண்டாம் என்கிறார் மாமனார். செய்யலாமா? சமையலுக்கு எந்த எண்ணெய் நல்லது?
– வாசகி, காங்கயம்

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம் அம்மா. ரத்தம் நின்றிருக்கிறது என்றால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். நன்றாக இருக்கிறதே என்று விட்டவர்களுக்குத்தான் நோய் அதிகமாகத் திரும்பி வருகிறது.

தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அதில் மிரிஸ்டிக் அமிலம் என்று ஒன்று உண்டு. இந்த நோய் உள்ளவர்கள் அதைக் குறைத்துக்கொள்வது நல்லது என்று பன்னாட்டுக் குடல்நோய் நிபுணர் குழு 2020-இல் சொன்னது. ஆதாரம் மிக வலுவானதல்ல; அதனால் சந்தகைக்கு ஊற்றும் தேங்காய்ப் பாலையோ சட்னியையோ விட வேண்டியதில்லை. ஆனால் எண்ணெயைக் குடிப்பது வேறு. வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்கு வயிறு இளகும். அப்புறம் அது எண்ணெயால் வந்ததா, நோய் கிளம்புகிறதா என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் குழப்பம். குடல் சுத்தமாகட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுப்பார்கள்; அது கூடவே கூடாது.

சமையலுக்கு வருவோம். சமையல் எண்ணெய்களில் இருக்கும் லினோலிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்று 2009-இல் ஐரோப்பிய ஆய்வொன்று கண்டது. உடம்பு அதிலிருந்து அராகிடோனிக் அமிலத்தை உண்டாக்குகிறது. அழற்சியைத் தூண்டும் பொருள்கள் பல அதிலிருந்து வருபவை. அது நோய் வருவதைப் பற்றிய ஆய்வு, வந்தவருக்கு மருந்து சொன்ன ஆய்வல்ல. லினோலிக் அமிலம் உடம்புக்குத் தேவையானதும்கூட. எனவே பயந்து ஒதுக்காமல் அளவைப் பாருங்கள். சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் அது 60 சதவீதம் வரை, நல்லெண்ணெயில் 40-க்கு மேல், கடலை எண்ணெயில் 30-ஐ ஒட்டி. நான் சொல்வது, தாளிக்கவும் வதக்கவும் கடலை எண்ணெய். இட்லிப் பொடிக்கும் அரிசிம்பருப்பு சாதத்துக்கும் கொஞ்சம் நல்லெண்ணெய். செக்கில் ஆட்டினால் வாசனை நன்றாக இருக்கும், கொழுப்பமிலக் கணக்கு பெரிதாக மாறாது. வனஸ்பதியில் பொரித்த பேக்கரிப் பலகாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

மீன் எண்ணெய் மாத்திரைக்குச் செலவழிக்க வேண்டாம். இதே வகையைச் சேர்ந்த இன்னொரு குடல் அழற்சி நோயான கிரோன் உள்ளவர்களிடம் நடத்தி 2008-இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் அது நோய் திரும்புவதைத் தடுக்கவில்லை. அசைவம் சாப்பிடுவார் என்றால் மத்தி, அயிலை வாங்கிக் குழம்பு வையுங்கள், வாரம் இரண்டு முறை போதும்.

மாமனார் அக்கறையில்தான் சொல்கிறார். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். மலத்தில் கால்புரொடெக்டின் பரிசோதனை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். உள்ளே அழற்சி மிச்சம் இருக்கிறதா என்பது அதில் தெரியும். நடுவில் ரத்தம் போனாலோ, காய்ச்சலோடு அடிக்கடி வயிற்றால் போனாலோ அந்தத் தேதிவரை காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.