பெரிய பைப் போட்டா ஏத்தம் நல்லா இழுக்குமா? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள்ல முக்காவாசி சைலன்சர் பத்தித்தான். ஏப்ரல் வந்தா இப்பிடித்தான், நுவரெலியாவுல மஹகஸ்தோட்டை ஹில் கிளைம்ப்னு மலை ஏறுற கார் போட்டிய பாத்துட்டு வர்ற பொடியங்களுக்கு வீட்டுல நிக்கிற காரோட சத்தம் திடீர்னு பத்தாம போயிரும், 1934லயே தொடங்குன போட்டி அது, அப்ப இருந்தே இந்த நோயும் இருந்திருக்கும்னு நினைக்கிறேன். சரி, கேள்விக்கு போவோம்.

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர்: அண்ணே, என்கிட்ட நிசான் எப்பி 15 சன்னி இருக்கு, 1.5 பெட்ரோல், ஆட்டோ கியர். பழைய சைலன்சர் துரு புடிச்சு ஓட்டையாயிருச்சு, புதுசா ஒரிஜினல் வாங்க காசு பத்தாது. கூட்டாளி ஒருத்தன் 2.5 இன்ச் பைப்ப நேரா இழுத்துரு, புகைய சுத்தப்படுத்துற கெட்டலிட்டிக் கன்வேர்ட்டர கழட்டி வித்தா அந்த காசுலயே வேலை முடிஞ்சிரும், ஏத்தத்துலயும் நல்லா இழுக்கும்ங்கிறான். இன்னொருத்தரு கொழும்பு பஞ்சிகாவத்தை பழைய பார்ட்ஸ் கடைல ஜப்பான் பழசு ஒண்ணு எடுக்க சொல்றாரு. கொஞ்சம் நல்ல சத்தமும் வேணும், வீட்டுல ஏச்சும் வாங்கக்கூடாது. என்ன செய்யட்டும்?

பதில்: அந்த கூட்டாளிய ரெண்டு கிழமைக்கு கார் பக்கமே விடாதீங்க தம்பி. மொதல்ல ஏத்தம் இழுக்குற கதைய முடிச்சிருவோம். உங்க இஞ்சின் கடதாசில 100 குதிரைசக்தி சொச்சம், ஆனா அது கடல் மட்டத்துல. நுவரெலியா டவுன் கிட்டத்தட்ட 1,868 மீட்டர் உயரம், அங்க காத்தோட அடர்த்தி கடல் மட்டத்த விட 17 வீதம் மாதிரி கொறைவு, டர்போ இல்லாத இஞ்சின் உறிஞ்சுற காத்து கொறைஞ்சா பவரும் ஏறத்தாழ அதே அளவு கொறையும். கினிகத்தேனைலருந்து ஹட்டனுக்கு ஏறி, தலவாக்கலை தாண்டி நானுஓயா பக்கம் போகப் போக கார் சோர்ந்து போற மாதிரி தெரியுதே, அதுல பெரிய பங்கு இந்த காத்துக்குத்தான், எந்த சைலன்சர் போட்டாலும் அது திரும்பி வராது. இந்த மாதிரி சின்ன இஞ்சினுக்கு பின்னால சைலன்சர் மாத்துறதால கெடைக்கிறது ரெண்டு மூணு குதிரைசக்தி, அதுவும் 5,000 ஆர்பிஎம்முக்கு மேல. நீங்க எஸ்டேட் ரோட்டுல எப்ப 5,000 புடிக்க போறீங்க?

இப்ப 2.5 இன்ச்சுக்கு வருவோம். தேயிலை மலைல கான் வெட்டுறத பாத்திருப்பீங்க, கான் அளவா இருந்தா தண்ணி வேகமா ஓடும், அதே தண்ணிக்கு கான ரெண்டு மடங்கு அகலமா வெட்டுனா மெதுவா போய் மண்ண அங்கங்க போட்டுட்டு போகும். புகையும் அப்பிடித்தான், பைப்ப தேவைக்கு மேல பெருசாக்குனா புகையோட வேகம் கொறையும், அந்த வேகந்தான் சிலிண்டர்ல மிச்சம் இருக்குற புகையையும் சேத்து இழுத்துட்டு போறது. வேகம் கொறைஞ்சா அடி ஆர்பிஎம்ல இருக்குற இழுவை கொறையும். நமக்கு முடக்குல ரெண்டாம் கியர்ல 2,000 ஆர்பிஎம்ல ஏறணும், அந்த எடத்துலயே பலத்த தொலைச்சிட்டு சத்தத்த மட்டும் வாங்கிட்டு வந்தா என்ன லாபம்? 1.3, 1.5 இஞ்சினுக்கு 1.75 இன்ச் போதும், ரொம்ப ஆசைன்னா 2 இன்ச், அதுக்கு மேல கேக்கவே வேணாம். பெரிய பைப் கீழயும் தொங்கும், கல்லு ரோட்டுல மாசத்துக்கு ஒருக்கா அடிபடும்.

கெட்டலிட்டிக் கன்வேர்ட்டர தொடாதீங்க. அதுக்குள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு வெலை கூடின சாமான் இருக்கு, அதனாலதான் வாங்க ஆள் ஓடி வர்றாங்க, உங்க இஞ்சினுக்கு நல்லது செய்யணும்னு இல்ல. அத கழட்டிட்டா வருஷா வருஷம் வண்டி லைசன் புதுப்பிக்க எடுக்குற புகை டெஸ்ட்ல மாட்டுவீங்க. பெட்ரோல் வண்டிக்கு ஐடில்லயும் 2,500 ஆர்பிஎம்லயும் காபன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகாபனும் அளக்குறாங்க, கன்வேர்ட்டர் இல்லாம அத தாண்டுறது பெரிய பாடு. டெஸ்ட் அன்னைக்கு மட்டும் வாடகைக்கு ஒண்ண மாட்டி எடுக்குற ஆளுங்களையும் தெரியும், கழட்டுற கூலி மாட்டுற கூலி கணக்கு பாத்தா மிச்சம்னு ஒண்ணுமே இருக்காது.

அப்ப இருக்குற காசுல என்ன பண்ணலாம்? என் யோசனை இது. கன்வேர்ட்டர் வரைக்கும் உள்ளத அப்பிடியே விட்டுட்டு, அதுக்கு பின்னால உள்ளத மட்டும் மாத்துங்க. காரை தூக்கி பாருங்க, சில நேரம் பின் பெட்டி மட்டுந்தான் போயிருக்கும், நடு பைப் நல்லா இருக்கும், அப்ப பெட்டிய மட்டும் மாத்துனா காசு பாதிக்கு பாதி மிச்சம். பஞ்சிகாவத்தை ஜப்பான் பழசு மோசம்னு சொல்ல மாட்டேன், உங்க மொடலுக்கே உள்ளது கெடைச்சா அதுதான் முதல் தெரிவு, புதுசா செய்யிற லோக்கல் பெட்டிய விட உள்ளுக்கு ஒழுங்கா கட்டியிருக்கும். ஆனா கையில எடுத்து ஆட்டி பாருங்க, உள்ளுக்கு ஏதாவது கலகலன்னா தடுப்பு தகடு கழண்டிருக்கு. அடிப்பக்கமும் பெட்டி மூட்டையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால குத்தி பாருங்க, பொதுபொதுன்னு உள்ள போனா வச்சிட்டு வாங்க. மேல சில்வர் பெயின்ட் அடிச்சு பளபளன்னு வச்சிருந்தா இன்னும் ஒருக்கா குத்துங்க.

உள்ளூர்ல செய்ய குடுக்குறதுன்னா பேரம் பேசுறதுக்கு முன்னாடி வேலை செய்யிற கராஜ் பாஸ்கிட்ட பைப் என்ன சாமான்னு கேளுங்க. 304 ஸ்டெய்ன்லெஸ் நம்ம மழைக்கும் மிஸ்டுக்கும் நல்லா தாங்கும், வெலை கூட. 409ம் ஸ்டெய்ன்லெஸ்தான், கொஞ்சம் மேல்துரு காட்டும் ஆனா சைலன்சருக்கு போதும், நிறைய கம்பனி கார்ல வர்றதே அதுதான். காந்தம் வச்சு பாக்குற பழக்கம் இருக்கு, 304ல ஒட்டாது, 409ல ஒட்டும், சாதா இரும்புலயும் ஒட்டும், ஆகவே 304னு காசு வாங்குறவர புடிக்க மட்டுந்தான் காந்தம் உதவும். தண்ணி குழாய் ஜிஐ பைப்ப வெட்டி வெல்ட் பண்ணி குடுக்குற எடமும் இருக்கு, அது வேணவே வேணாம், மேல பூசியிருக்குற துத்தநாகம் வெல்ட் சூட்டுல புகையா வரும், அத சுவாசிக்கிற பாஸுக்கு காய்ச்சலே வரும்.

அடுத்தது வளைவு. பைப்ப சும்மா மெஷின்ல அமுக்கி வளைச்சா உள் பக்கம் நசுங்கி 2 இன்ச் பைப் அந்த எடத்துல ஒன்றரை இன்ச்சா போயிரும். மாண்ட்ரல் வளைவுன்னா உள்ளுக்கு தாங்கு வச்சு வளைக்கிறது, நசுங்காது. அந்த மெஷின் எல்லா கராஜ்லயும் இருக்காது, ஆனா வளைச்சு விக்கிற துண்டுகள வாங்கி ஒட்டிக்கலாம், மூட்டு கூடும் ஆனா வழி சரியா இருக்கும். பழைய பாஸ்மார் பைப்புக்குள்ள மணல் இறுக்கி சூடு காட்டி வளைப்பாங்க, கைவந்தவர் செஞ்சா அதுவும் நல்லாத்தான் வரும்.

பெட்டில ரெண்டு வகை. உள்ள அறை அறையா தடுத்து சத்தத்த மோத விட்டு கொறைக்கிறது ஒண்ணு, நேரா ஓட்டை போட்ட குழாய் சுத்தி பைபர் பஞ்சு அடைச்சது இன்னொண்ணு. நீங்க கேக்குற அந்த ‘நல்ல சத்தம்’ ரெண்டாவதுல வரும், ஆனா வெலை கொறைஞ்சதுல பஞ்சு கொஞ்ச நாள்ல எரிஞ்சு பறந்துரும், அப்பறம் தகர டப்பா சத்தந்தான். லயத்துக்கு பக்கத்துல விடியக்காத்தால நாலரைக்கு கார் எடுக்குற ஆளுன்னா அறை வச்ச பெட்டியே போடுங்க, இல்லன்னா வீட்டுல மட்டும் இல்ல, பக்கத்து வீட்டுலயும் ஏச்சு வாங்குவீங்க. ரோட்டுல பொலிஸும் இப்ப சத்தத்த விடுறதில்ல, சைலன்சர மாத்தி அலற விட்டா புடிக்கிறதுக்கு மோட்டார் வாகன சட்டத்துல எடம் இருக்கு.

காசு மிஞ்சினா அத வெளிய தெரியுற குரோம் மூக்குல போடாம பிளெக்ஸ் பைப்புலயும் ரப்பர் மாட்டிலயும் போடுங்க. இஞ்சின் குறுக்க இருக்குற கார்ல ஒவ்வொரு தடவ கால் வைக்கிறப்பவும் இஞ்சின் முன்ன பின்ன ஆடும், அந்த ஆட்டத்த வலை போட்ட பிளெக்ஸ் வாங்கிக்கும், அது செத்துப்போனா வெடிப்பு இஞ்சினோட ஒட்டியிருக்குற மெனிபோல்ட் பக்கம் வரும். அங்க லீக் ஆனா ஒக்சிஜன் சென்சருக்கு வெளிக்காத்து போய், பெட்ரோல் பத்தலன்னு நினைச்சு கம்பியூட்டர் இன்னும் ஊத்தும், ஏன் பெட்ரோல் இப்பிடி குடிக்குதுன்னு நீங்க பம்ப் பண்றவர சந்தேகப்படுவீங்க.

நுவரெலியாவிலிருந்து ஒரு வாசகர்: சைலன்சர் மாத்துனதுக்கு அப்பறம் வெளிய சத்தம் பரவால்ல, ஆனா உள்ள உக்காந்தா 40, 45ல போறப்ப காது அடைக்கிற மாதிரி ‘ம்ம்ம்’னு ஒரு இரைச்சல். வேகம் கூட்டுனா போயிருது. கார்ல ஏதும் கோளாறா?

பதில்: கோளாறு இல்ல, அது ட்ரோன்னு சொல்ற சங்கதி. நாலு சிலிண்டர் இஞ்சின் 2,400 ஆர்பிஎம்ல ஓடுறப்ப செக்கனுக்கு 80 தடவ வெடிக்குது, அந்த 80 ஹேர்ட்ஸ் சத்தமும் உங்க கார் கூட்டோட அதிர்வும் ஒண்ணா சேந்துட்டா உள்ள இருக்குறவங்க தலைதான் வலிக்கும். நமக்கு இதுல துரதிஷ்டம் என்னன்னா, கொழும்பு ஹைவேல போறவர் அந்த ஆர்பிஎம்ம ஒரு நொடில தாண்டிருவாரு, நாம ரம்பொடை பக்கம் ஏறுறப்ப முழு வழியும் அதுலயேதான் நிப்போம். மொதல்ல பைப் எங்கயாவது கார் பொடில முட்டுதான்னு பாருங்க, ரப்பர் இறுகியிருக்கான்னு பாருங்க, இதுலயே பாதி பேருக்கு சரியாயிரும். இல்லன்னா பின் பெட்டிக்கு முன்னாடி நடுவுல ஒரு ரெசனேட்டர், அதாவது இந்த இரைச்சல அடக்குற சின்ன பெட்டி, போட சொல்லுங்க, உங்க பழைய சிஸ்டத்துல ஒண்ணு இருந்திருக்கும், பாஸ் அத வெட்டி ஓரமா வச்சிருப்பாரு. பக்கவாட்டுல அடைச்ச குழாய் ஒண்ணு ஒட்டுற முறையும் இருக்கு, ஆனா இவ்வளவு அடி சத்தத்துக்கு அந்த குழாய் ஒரு மீட்டருக்கு மேல நீளம் வேணும், சின்ன கார்ல எடம் கெடைக்கிறது கஷ்டம்.

ஹப்புத்தளையிலிருந்து ஒரு வாசகி: காலைல ஸ்டார்ட் பண்ணா சைலன்சர்லருந்து தண்ணி சொட்டுது, வெள்ளை புகையும் வருது. கராஜ்ல இஞ்சினுக்குள்ள தண்ணி போகாம தடுக்குற ஹெட் கேஸ்கட் போயிருச்சுன்னு பயங்காட்டுறாங்க. உண்மையாங்க?

பதில்: அவசரப்பட்டு இஞ்சின திறக்க விடாதீங்கம்மா. ஒரு லீட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லீட்டர் தண்ணி ஆவியா வரும், ஹப்புத்தளை குளிர்ல பைப் சூடாகுற வரைக்கும் அது தண்ணியாத்தான் சொட்டும். பத்து பதினஞ்சு நிமிஷம் நல்லா ஓடுனதும் புகை நின்னுட்டா பயம் இல்ல. சூடான பிறகும் நிக்காம வருது, ரேடியேட்டர் தண்ணியும் கொறையுது, புகைல ஒரு இனிச்ச வாசம்னா மட்டும் கராஜ்காரர் சொல்றத கேளுங்க. ஸ்கூலுக்கும் டவுனுக்கும் மட்டும் ஓடுற கார்னா அந்த தண்ணி பெட்டிக்குள்ள தங்கி உள்ளருந்தே அரிச்சிரும், மலைநாட்டுல சைலன்சர் சீக்கிரம் போறதுக்கு பெரிய காரணமே இதுதான், ஆகவே கிழமைக்கு ஒருக்காவாவது கொஞ்ச தூரம் ஓட்டுங்க.

பதுளையிலிருந்து ஒரு வாசகர்: எச்கேஎஸ்னு ஜப்பான் கம்பனி மப்ளர் (சைலன்சர் பெட்டி) ஒண்ணு ரொம்ப சல்லிசா வருது, எடுக்கலாமா?

பதில்: பேர் வெட்டின தகடு மட்டும் பாத்து எடுக்காதீங்க, அந்த தகடு தனியாவும் விக்குது. ஜப்பான்ல ரோட்டு பாவனைக்கு செஞ்ச மப்ளர்ல ஜஸ்மாங்கிற அந்த நாட்டு மப்ளர் சங்கத்தோட தகடு இருக்கலாம், ஆனா அதுவும் போலி அடிக்க முடியாத சாமான் இல்ல. வெல்ட் கோடு சீரா இருக்கா, உங்க மொடல் மாட்டி எடத்துக்கு சரியா வருதா, இத பாருங்க. சல்லிசுன்னா அது அந்த பேருக்கு குடுக்குற வெலை இல்லன்னு நினைச்சு, வெறும் பெட்டிக்கு என்ன வெலையோ அத குடுங்க.

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர்: பைப்ல சின்ன ஓட்டை, டின்னும் கம்பியும் கட்டி வச்சிருக்கேன். இப்பிடியே ஓடலாமா?

பதில்: ஓட்டை எங்கன்னு எழுதலையே. பின் பெட்டிலன்னா சத்தத்தோட போகும், புகை டெஸ்ட் அன்னைக்கு லீக்குன்னு திருப்பி அனுப்புவாங்க, அவ்வளவுதான். சீட்டுக்கு கீழயோ முன்னாலயோன்னா இன்னைக்கே காட்டுங்க. குளிருக்கு நாம கண்ணாடிய முழுசா ஏத்திட்டு போவோம், புகைல இருக்குற காபன் மொனொக்சைட் விஷம், அதுக்கு வாசமும் இல்ல நிறமும் இல்ல, பின் சீட்ல புள்ள தூங்குதுன்னு நினைச்சிட்டு போவீங்க.

ஹட்டனிலிருந்து ஒரு வாசகர்: கார்லயே வச்சு வெல்ட் பண்றப்ப பெட்டரி கழட்டணுமா? பாஸ் தேவையில்லங்கிறாரு.

பதில்: கழட்டணும், நெகட்டிவ் வயரையாவது. எர்த் கிளிப்ப பம்பர்லயோ வீல்லயோ மாட்டாம வெல்ட் வைக்கிற எடத்துக்கு பக்கத்துலயே மாட்ட சொல்லுங்க, இல்லன்னா கரண்ட் தன் இஷ்டத்துக்கு வழி தேடி போறப்ப கம்பியூட்டரும் அல்டர்னேட்டரும் மாட்டும். ஒக்சிஜன் சென்சர் கிட்ட வேலைன்னா அதோட சொக்கெட்டையும் கழட்டிருங்க, பெட்ரோல் பைப் எந்த பக்கம் ஓடுதுன்னு பாஸுக்கு காட்டிட்டு, பக்கத்துல ஒரு வாளி மணல் வைங்க. பெட்டரி கழட்டுனா ரேடியோ கோட் கேக்குற செட் சிலது இருக்கு, ஜப்பான் கார்னா கையேடே இருக்காது, ஆகவே கோட் இருக்கான்னு முன்னாடியே பாத்துக்கோங்க.